பிக் பேர் கழுகுக் கூடு நேரலை: இரவில் விழிக்க வேண்டாம், காலையில் பின்னோட்டிப் பாருங்கள்

கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பக்கம், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு இணையின் கூடு இருக்கிறது. ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி’ என்ற அமைப்பு அதை யூடியூபில் நாள் முழுதும் காட்டுகிறது. கட்டணம் கிடையாது. 2015-இல் வைத்த கேமரா கூட்டைக் கிட்டத்தில் காட்டும். 2021-இல் சேர்ந்த இரண்டாவது, மரத்தையும் ஏரியையும் சேர்த்துக் காட்டும்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு முதல் தொல்லை கடிகாரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு 13 மணி 30 நிமிடம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியதும் அது 12 மணி 30 நிமிடம் ஆகிவிடும். நாம் மதியச் சாப்பாடு முடித்துத் திறந்தால், கறுப்பு வெள்ளையில் ஒரு கழுகு முதுகுச் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்குவதுதான் தெரியும்.

அதற்காக ராத்திரி கண்விழிக்கத் தேவையில்லை. யூடியூப் நேரலையை 12 மணி நேரம் வரை பின்னோட்டலாம். ஜனவரியில் அங்கே பொழுது சாய்வது நம் காலை 6.30 வாக்கில். காப்பியோடு உட்கார்ந்து, படத்துக்குக் கீழுள்ள சிவப்புக் கோட்டை இடது கோடிக்கு இழுத்தால் ஒரு முழுப் பகலும் கையில் கிடைத்துவிடும். ஏப்ரலில் பகல் 13 மணி நேரத்தை எட்டுவதால் காலை 7.45-க்குத் திறந்தாலும் விடியலின் முதல் ஒரு மணி நேரம் நழுவியிருக்கும். அப்போது முந்தின இரவு 8 மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இந்த நேரங்களோடு 2 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பின்னோட்டும்போது எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். அடைகாக்கும் காலத்தில் நாளில் பெரும்பகுதி ஒரு பறவை அசையாமல் படுத்திருப்பதுதான். கோட்டை இழுத்துக்கொண்டே போய், திரையில் இரண்டு பறவைகள் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அடை மாறும் நேரம் அது. கணினியில் ஜே விசை 10 விநாடி பின்னே, எல் விசை 10 விநாடி முன்னே கொண்டுபோகும். கைபேசியில் திரையின் ஓரத்தை இரண்டு தட்டு தட்டினால் போதும்.

அடை மாறும் அந்த அரை நிமிடத்தை 1080 தரத்தில் பாருங்கள். வந்த பறவை முட்டைக் குழியை நெருங்கும்போது நகங்களை உள்ளே மடக்கி, கால்விரல்களை முஷ்டிபோல் சுருட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கும். மீனைக் கிழிக்கிற நகம் முட்டையில் பட்டுவிடக் கூடாதே. அப்புறம் மூடிய அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி உட்காரும். வயிற்றடியில் சிறகு விலகி வெறும் தோலாக இருக்கும் இடம் முட்டையில் படத்தான் அந்த ஆட்டம். இரண்டும் சேர்ந்து நிற்கையில் பெரியது ஜாக்கி. கழுகுகளில் பெண்தான் பெரிது.

முட்டைகள் சுமார் 3 நாள் இடைவெளியில் வரும். 2025-இல் ஜனவரி 22, 25, 28. முதல் முட்டையை ஆரம்பத்தில் முழு நேரமும் அடைகாப்பதில்லை. முதலுக்கும் கடைசிக்கும் இடையே பொரிக்கும் இடைவெளியைக் குறைக்க அது உதவும். முதல் குஞ்சு மார்ச் 3 அன்று வெளிவந்தது. முட்டையிட்ட 35-ஆம் நாளிலிருந்து முட்டையின் ஓட்டை உற்றுப் பார்க்கத் தொடங்கலாம். முதலில் நட்சத்திர வடிவில் சின்ன விரிசல், பிறகு ஒரு துளை. அங்கிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால், விரிசல் தெரிந்ததுமே வேலையை விட்டுவிட்டு உட்காராதீர்கள். வைக்கோல் துணுக்கை விரிசல் என்று அரட்டைப் பெட்டியில் கூவுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அந்தப் பெட்டியை மூடிவிடுவதே மேல். அமைப்பினர் முகநூலில் போடும் அன்றாடக் குறிப்பில் எது எந்த மணி, நிமிடம், விநாடியில் நடந்தது என்றே இருக்கும். படத்தின் மேல் ஓடும் கடிகாரத்தோடு ஒப்பிட்டு நேராக அங்கே போய்விடலாம்.

டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1080-இல் மணிக்கு 1.5 ஜிபிக்குக் குறையாமல் போகும். தேடுவதற்கு 480 போதும். நிறுத்திய இடத்தில் மட்டும் தரத்தை ஏற்றுங்கள்.

குறைகள் உண்டு. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருவதால் மூட்டமும் பனியும் நீடித்தால் ஒளிபரப்பு தடுமாறும். லென்ஸில் பனி அப்பிக்கொண்டால் அது தானாக உருகும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை, கூட்டில் பறவை இருக்கும் பருவத்தில் யாரும் மரமேறிப் பழுது பார்க்க முடியாது. அறுபட்ட ஒளிபரப்பு பல சமயம் புதிய இணைப்பாகத்தான் மீளும். பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்பவருக்கு வெறும் திரை, பின்னோட்டும் வசதியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சேனல் பக்கத்தின் வழியே போவதுதான் பத்திரம். காற்றடிக்கும் நாளில் மைக்கில் வெறும் இரைச்சல். பழைய பதிவை ‘நேரலை’ என்று ஓட்டும் போலிச் சேனல்களும் உலவுகின்றன; கடிகாரத்தை வெட்டியெடுத்த படம் என்றால் சந்தேகப்படுங்கள்.

குழந்தைகளோடு பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே யாரும் தலையிட மாட்டார்கள். 2024 பிப்ரவரிப் பனிப்புயலில் ஜாக்கி கிட்டத்தட்ட 62 மணி நேரம் எழாமல் அடைகாத்தது. அந்த மூன்று முட்டைகளில் ஒன்றும் பொரிக்கவில்லை. 2025-இல் மூன்றும் பொரித்து, மார்ச் நடுவில் வந்த புயலில் ஒரு குஞ்சு இறந்தது. பிழைத்த இரண்டுக்கும் ஊர்ப் பள்ளிக் குழந்தைகள் வாக்களித்துச் சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். ஜூன் 2 அன்று சன்னி பறந்தது. அண்டங்காக்கை முட்டையைத் தூக்கிய ஆண்டுகளும் உண்டு. சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னோட்டும் முன், அன்றைய குறிப்பைப் படித்துவிடுங்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு ஜாக்கி கூட்டைவிட, நியூயார்க் மாநிலம் இத்தாகாவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2012 முதல் காட்டும் செவ்வால் பருந்துக் கூடுதான் ஏற்றது. விளையாட்டுத் திடலின் விளக்குக் கம்பத்தில் கூடு; தன்னார்வலர்கள் கேமராவைத் திருப்பி, நெருக்கிக் காட்டுகிறார்கள். கழுகுக் குஞ்சு பறக்க 10 வாரமோ அதற்கு மேலோ ஆகும்; பருந்துக் குஞ்சுக்குச் சுமார் 6 வாரம். கதை வேகமாக நகரும். நேரமும் நமக்கு இசைவு: அங்கே கோடையில் காலை 6 மணி, இங்கே பிற்பகல் 3.30. அலுவலகம் விட்டு வந்து நேரலையாகவே பார்க்கலாம். அணிலையும் புறாவையும் கிழித்து ஊட்டுவதைப் பார்க்க மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பகலில் பார்க்க விரும்புகிறவர் நெதர்லாந்தின் ‘பெலேஃப் டெ லென்டெ’ பக்கத்துக்குப் போகலாம். நாட்டின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2007 முதல் நடத்துகிறது. ஒரே இடத்தில் செங்கால் நாரை, கூகை, மீன்கொத்தி எனப் பல கூடுகள். நேர வித்தியாசம் கோடையில் 3 மணி 30 நிமிடம்தான். குறிப்புகள் டச்சு மொழியில். உலாவியின் மொழிபெயர்ப்பு ஓரளவு கைகொடுக்கும். கூகைக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது: அது வேட்டைக்குக் கிளம்பும் நேரம் நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும்.