சால்மன், ட்ரவுட் ட்ரோலிங்கில் பெரிய லூர்: பல சீசன் பயன்படுத்திய பிறகு

சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் லூர் என்ற செயற்கை இரையை இழுத்து மீன் பிடிப்பது) போகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் 9, 10 செ.மீ. ஸ்பூன்கள், அதாவது வளைந்த உலோகத் தகட்டு லூர்கள்தான் இருக்கும். நான் பல சீசன்களாக அதைவிட ஒரு படி, சில சமயம் இரண்டு படி பெரியதை இழுத்து வருகிறேன். 12 செ.மீ. மேக்னம் (பெரிய அளவு) ஸ்பூன், அதைவிட நீளமான ப்ளக் (பருமனான பிளாஸ்டிக் லூர்), 18 செ.மீ. ரப்பாலா நிறுவன மிதவை லூர் எல்லாம் இதில் அடக்கம். "பெரிய லூர் போட்டால் பெரிய மீன்" என்று சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. 40 செ.மீ.கூட இல்லாத ட்ரவுட் 12 செ.மீ. ஸ்பூனை வந்து அடிப்பது எனக்குப் பழகிப்போன காட்சி. அந்த வாரம் மீன் எதைத் தின்கிறது, நம் லூர் கீழே எந்த வேகத்தில் ஆடுகிறது, இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் இரை. சமைக்க எடுக்கும் மீனைச் சுத்தம் செய்யும்போது வயிற்றைத் திறந்து பாருங்கள், எந்த லூர் விளம்பரமும் இதைவிட நன்றாகச் சொல்லாது. மிச்சிகன், ஒன்டாரியோ போன்ற வட அமெரிக்கப் பேரேரிகளில் சினூக் என்ற சால்மனின் முக்கிய உணவு ஏல்வைஃப் என்ற சிறிய வெள்ளி நிற மீன். வளர்ந்த ஏல்வைஃப் 15 செ.மீ.க்கு மேலேயே இருக்கும். அப்படிப் பார்த்தால் நாம் "பெரிய ஸ்பூன்" என்று சொல்வது உண்மையில் இரையைவிடச் சின்னதுதான்! ஆனால் கோடை முடியும்போது அந்த வருடம் பிறந்த குஞ்சு ஏல்வைஃப் கூட்டம் கூட்டமாகத் திரியும், அவை விரல் நீளம்கூட இருக்காது. மீன் அதில் வாய் வைத்துவிட்டால் மேக்னம் ஸ்பூனுக்கு மரியாதை இல்லை, சின்ன ஸ்பூனுக்கு மாறியே ஆக வேண்டும். ஹியூரான் ஏரியில் 2003, 2004 வாக்கில் ஏல்வைஃப் சரிந்தபோது அதை நம்பியிருந்த சினூக்கும் கூடவே சரிந்தது. இந்த மீன்கள் இரையோடு எவ்வளவு கட்டுண்டவை என்பதற்கு இது போதும். அதனால்தான் லூர் அளவைப் பழக்கத்தால் முடிவு செய்யக் கூடாது, வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெரிய லூருக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வாடிக்கை லேக் ட்ரவுட். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் மீனைக்கூட அது தயங்காமல் விழுங்கும். அடியை ஒட்டி, மணிக்கு 1.5 முதல் 2 மைல் வேகத்தில் மெதுவாகப் போகும்போது பெரிய ஸ்பூன் அகலமாக, சோம்பலாக ஆடும். குளிர்ந்த ஆழத்தில் அதிகம் துரத்த விரும்பாத மீனுக்கு அந்த ஆட்டம் சரியாகப் பொருந்துகிறது. ஒன்று கவனித்தேன். கொஞ்ச காலம் ஓடிய ஸ்பூனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பல் கீறல்கள் வால் பக்கம் இல்லை, தலைப்பக்கமும் நடுவிலும்தான் அதிகம். அதாவது மீன் குறுக்கே வந்து கவ்வுகிறது, தூண்டில் முள்ளோ கடைசியில் தொங்குகிறது. தூண்டில் கம்பு இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றுபோவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சின்ன ஸ்பூனில் இந்தப் பிரச்சினை வராது, முழு லூரும் வாய்க்குள் போய்விடும். பெரியதில் ட்ரெபிளை (மூன்று கொக்கி முள்ளை) எடுத்துவிட்டு, வாய் அகன்ற பெரிய ஒற்றை முள் போட்ட பிறகு மாட்டும் மீன் நிற்கிறது. முள்ளைக் கழற்றி மீனைத் திரும்ப விடுவதும் எளிது. முனையை நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் தீட்டுங்கள்.

அப்புறம் வேகம். இதில்தான் நிறையப் பேர் பெரிய லூரைக் கைவிடுகிறார்கள். சினூக்குக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல் வரை போவது வழக்கம், அந்த வேகத்தில் எல்லாப் பெரிய ஸ்பூனும் ஒழுங்காக ஆடாது. சில மெல்லிய தகட்டு ஸ்பூன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்துவிடும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். இறக்குவதற்கு முன் படகின் ஓரத்தில், கண் முன்னால், ஒரு கம்பு நீளத்துக்கு விட்டு இழுத்துப் பாருங்கள். வால் இரண்டு பக்கமும் வீசி, நடுநடுவே ஒரு நொடி தவறிச் சரிந்து, மறுபடி வீச வேண்டும். பக்கத்தில் ஓடும் சின்ன ஸ்பூனும் அதே வேகத்தில் ஆடினால்தான் இரண்டையும் சேர்த்துப் போட முடியும், இல்லாவிட்டால் ஒன்று சும்மா ஊர்வலம் போகும். ஜிபிஎஸ் காட்டும் வேகத்தை மட்டும் நம்பவும் முடியாது, 25 மீட்டர் ஆழத்தில் எதிர்நீரோட்டம் இருந்தால் கீழே கதை வேறு. லூரை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் கருவியின் கனமான குண்டுக்குப் பக்கத்தில் வேகமானி இல்லாதவர்கள் படகை மெதுவாக எஸ் வடிவில் திருப்பிப் பார்க்கலாம். வெளிப்பக்க லூர் வேகம் கூடும், உள்பக்கம் குறையும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அதுவே பதில்.

டவுன்ரிக்கர் க்ளிப் (நரம்பைப் பிடித்துக்கொண்டு, மீன் மாட்டினால் விட்டுவிடுவது) விஷயத்தில் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். பெரிய லூரின் இழுவையிலேயே க்ளிப் தானாக விடும், அலை இருந்தால் இன்னும் மோசம். அதனால் இறுக்குவோம். இறுக்கினால் சின்ன மீன் மாட்டும்போது க்ளிப் விடாது, மாட்டியது தெரியாமலே இழுத்துக்கொண்டு போவோம், அந்த மீன் பிழைப்பதும் சந்தேகம். கம்பு நுனியின் துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. சீரான துடிப்பு திடீரென்று கனத்தாலோ, அடங்கினாலோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஸ்விவலும் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு) நல்ல தரமாக, பால் பேரிங் வைத்ததாக இருக்கட்டும். லூரைக் கீழே இழுத்துச் செல்லும் டைவர் தகட்டுக்குப் பின்னால் 28 செ.மீ. ஃப்ளாஷர் (மீனைக் கவரச் சுழலும் பளபளப்பான தகடு) கட்டினால் அந்த இழுவையில் டைவர் கொஞ்சம் மேலேறித்தான் ஓடும், இன்னும் நரம்பு விட்டு ஈடு கட்டுங்கள்.

ப்ளக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடைக் கடைசியில் முதிர்ந்த சினூக் ஆற்று முகத்துவாரத்தில் வந்து திரளும்போது அதற்குப் பசி போய்விடும், முட்டையிடப் போகும் மீன் அது. அப்போது இரை அளவு என்ற கணக்கே செல்லாது, எரிச்சலில்தான் அடிக்கிறது. அங்கே பெரிய ஜே-ப்ளக் மாதிரி வேறு எதையும் நான் நம்பமாட்டேன். தன் போக்கில் இடம் வலமாக அலைந்து கொண்டே போகும், மீனின் எல்லைக்குள் அத்துமீறுவது போல. விடியலிலும் அந்தி மங்கலிலும் ஒளிரும் பூச்சு, பகலில் வெள்ளி அல்லது பச்சை. கடி வந்தால் கம்பு அப்படியே மடங்கும்! மற்ற மீன்பிடி எல்லாம் மறந்துபோகும் நொடி அது.

ஸ்டீல்ஹெட் (ஒரு வகை ட்ரவுட்), கோஹோ (ஒரு வகை சால்மன்) இரண்டுக்கும் பெரிய லூரை நான் பரிந்துரைக்கவில்லை. மேல்மட்டத்தில் அவை சின்ன இரையை, ஸ்டீல்ஹெட் என்றால் பூச்சியைக்கூட, தின்று திரியும் நாட்களில் சின்ன ஸ்பூன் பக்கத்துக் கம்பில் மீன் மேல் மீனாக எடுக்க, மேக்னம் சும்மா ஓடும். வசந்த காலத் தொடக்கத்துக் கோஹோவுக்கும் அப்படித்தான். பிரவுன் ட்ரவுட் நடுவில் நிற்கிறது. கலங்கிய தண்ணீரிலும் இரவை ஒட்டிய நேரத்திலும் கரையோரம் நீளமான மிதவை லூரை நன்றாக எடுக்கும், தெளிந்த நீரில் வெயில் ஏறினால் திரும்பிக்கூடப் பார்க்காது.

உழைப்பு எப்படி என்றால், தகட்டு ஸ்பூனில் ஒட்டிய டேப் லேக் ட்ரவுட் பல்லில் ஒரே சீசனில் உரிந்துவிடும். ஆனால் உரிந்து உலோகம் தெரியும் ஸ்பூனும் மீன் பிடிக்கிறது, தூக்கிப் போடாதீர்கள். பால்சா மர லூரில் பூச்சு உடைந்து நீர் இறங்கினால் ஆட்டம் கெட்டுவிடும், அதை மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் ப்ளக்குகள் வருடக்கணக்கில் வருகின்றன, வளையமும் முள்ளும் மட்டும் துருப் பிடிக்கும்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். சீசன் முழுக்கக் கம்புகளில் ஒரு பகுதியில் பெரியது, மீதியில் வழக்கமான அளவு. லேக் ட்ரவுட்டுக்காகவே போகும் நாளில் எல்லாமே பெரியது. புதிதாக வாங்குகிறவர்கள் வெள்ளி-பச்சை மேக்னம் ஸ்பூன் ஒன்று, ஒளிரும் பூச்சுள்ள பெரிய ப்ளக் ஒன்று எடுத்தால் போதும். ஸ்பூனை ஆழமான கம்பில் போடுங்கள், ஃப்ளாஷருக்குப் பின்னால் கட்டாதீர்கள், குண்டிலிருந்து 5, 6 மீட்டர் பின்னால் தனியாக விடுங்கள்.