109 சென்டிமீட்டர் பியானோ: எட்டு மாதத்துக்குப் பிறகு

மகளுக்கு ஒன்பது வயது. காட்பாடியில் வாரம் இரண்டு நாள் பியானோ வகுப்பு, வீட்டில் பழகியது கீபோர்டில். ஒரு வருஷம் கழித்து டீச்சர் சொன்னார்: "சார், பாப்பாவுக்கு நோட்டெல்லாம் தெரியுது, விரல்லதான் பலமே வரல. சின்னதா ஒரு நிஜப் பியானோ கிடைக்குதா பாருங்க."

சத்துவாச்சாரியில் மாடி வீடு, சின்ன ஹால். அதனால் முதலில் தேடியது உயரம் குறைந்ததாக. 36 அங்குல உயரத்தில் பழைய ஸ்பினெட் (நிமிர்ந்து நிற்கும் பியானோக்களிலேயே குட்டையான வகை) ஒன்று 45,000 ரூபாய்க்கு வந்தது. பளபளவென்று மரம், செதுக்கு வேலைப்பாடு. மகள் அதைவிட்டு நகரவே இல்லை. நானும் முன்பணம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

ராணிப்பேட்டையில் பதினெட்டு வருஷமாகத் தோல் ஃபினிஷிங் வேலை செய்கிறேன். மூடியைத் திறந்ததும் கை தானாகவே தோலைத்தான் தேடியது. பழைய பியானோவில் கம்பியைத் தட்டும் ஒவ்வொரு சுத்தியலின் அடிக்கட்டையிலும் மெல்லிய மான்தோல் ஒட்டியிருப்பார்கள். மரமும் மரமும் மோதாமல் இருப்பதற்கு. அது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். இங்கே நகத்தால் கீறினால் தகடு மாதிரி சத்தம் வந்தது. எண்ணெய் வற்றி, ஓரம் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ஸ்வரத்தோடு ஒரு 'டக்' கேட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கீழ்ப் பலகையைக் கழற்றினோம். எலி ஃபெல்ட்டை, அதாவது உள்ளே இருக்கும் அழுத்திய கம்பளியைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது.

கூட வந்த ட்யூனர் (பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர்) சாவியைப் போட்டு, கம்பியை முறுக்கும் பின் ஒன்றைத் திருப்பினார். வீணைக்குப் பிரடை எப்படியோ அப்படித்தான் பியானோவுக்கு அந்தப் பின். பிடிப்பே இல்லாமல் வழுக்கியது. ஒரு பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கு மேல். அதைப் பின்கள் தாங்காவிட்டால் இன்றைக்குச் சுதி சேர்த்தால் அடுத்த வாரமே இறங்கிவிடும். போதாததற்கு ஸ்பினெட்டில் சுத்தியல்களை இயக்கும் இயந்திரம் கட்டைகளுக்குக் கீழே தொங்குகிறது. சின்ன ரிப்பேருக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வாங்காமல் திரும்பினோம். மகள் வழி முழுக்க அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஊர் மாறிப் போகும் ஒரு குடும்பத்திடமிருந்து யமஹா பி1 வாங்கினோம். உயரம் 109 சென்டிமீட்டர், அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. விலை 1,70,000 ரூபாய். சேமிப்போடு நகைக் கடனும் சேர்ந்தது. உள்ளே இரும்புச் சட்டத்தில் இருக்கும் வரிசை எண்ணை வைத்து எந்த வருஷம் செய்தது என்று பார்த்துக்கொண்டோம். 88 கட்டைகளையும் ட்யூனர் ஒவ்வொன்றாக அழுத்தினார். சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பித் தடம் லேசாகத்தான் விழுந்திருந்தது. போனில் சுதி பார்க்கும் ஆப்பில் வைத்துப் பார்த்தால் நடு ஏ ஸ்வரம், இருக்க வேண்டிய 440 ஹெர்ட்ஸுக்கு ஒரு மயிரிழை கீழே. சுதி அரை ஸ்வரம் இறங்கிக் கிடக்கும் பியானோவை மட்டும் தொடாதீர்கள், ஏற்றும்போது கம்பி அறுந்துவிடலாம் என்றார் அவர்.

குட்டி யானையில் ஏற்றி, நான்கு பேர் மாடிப்படியில் தூக்கினார்கள். வந்தவுடன் ட்யூன் செய்யவில்லை. வீட்டுச் சூடும் ஈரமும் மரத்துக்குப் பழக மூன்று வாரம் விட்டோம். சென்னையிலிருந்து ட்யூனர் வந்துபோக 4,500 ரூபாய். இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை வரும்.

கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சுவர் பக்கமும் ஜன்னல் பக்கமும் வைக்காமல் உள்சுவரை ஒட்டி வைத்தோம். ஐப்பசி மழையில் இரண்டு கட்டைகள் உப்பி ஒட்டிக்கொண்டன, நான்கு நாள் வெயில் அடித்ததும் சரியாகிவிட்டன.

சத்தம்? நடுப் பகுதி தெளிவு, இனிமை. இந்த உயரத்தில் எந்தப் பியானோவிலும் அடிக் கம்பிகள் குட்டைதான், அதனால் கீழ் ஸ்வரங்களில் பெரிய பியானோவின் கனத்தை எதிர்பார்க்க முடியாது. தொடக்க கிரேடுகளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நடு பெடலை அழுத்தி ஓரமாகத் தள்ளினால் சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் இறங்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்படித்தான் வாசிக்கிறாள். கீழ் வீட்டுப் பாட்டி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

போன வாரம் வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அப்பா, இந்த ஜி மட்டும் ஆடுது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போனில் பதிவு செய்து ட்யூனருக்கு அனுப்பினேன். அந்த ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள், அதில் ஒன்று கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பாப்பா சொன்னது சரிதான் என்றார். மழை முடிந்து தை பிறந்ததும் வருகிறார்.