லாரியில் வீட்டுச் சாமானை ஏற்றுவதற்கு முன்: எங்கள் 3,850 வெள்ளி போன விதம்

ஜொகூரில் உள்ள குளுவாங்கிலிருந்து பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு என் தம்பி குடும்பத்தின் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஒப்புக்கொண்ட ஒரு வீடு மாற்றும் லாரிச் சேவை, எங்களிடமிருந்து 3,850 வெள்ளியை வாங்கிக்கொண்டு, சாமான்களில் சிலவற்றை உடைத்து, சிலவற்றைத் தொலைத்து, எஞ்சியவற்றை மழையில் சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஆத்திரம் அடங்கிய பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே விளம்பரம் இன்று காலையில்கூட, பலரும் பொருள் வாங்கவும் விற்கவும் பயன்படுத்தும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் புதிய படங்களோடு வந்திருப்பதைப் பார்த்த பிறகு காத்திருக்க மனம் வரவில்லை. நமது ஊர்களிலிருந்து பிள்ளைகள் வேலைக்காக ஜொகூருக்குப் போவதும், பெற்றோருக்கு வயதான பிறகு திரும்பி வருவதும் இப்போது சாதாரணமாகிவிட்டதால், அடுத்ததாக மாட்டிக்கொள்ளப் போவதும் நம்மைப் போன்ற ஒரு குடும்பமாகவே இருக்கும்.

தம்பி குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். அங்கே ஆள்குறைப்பு நடந்ததாலும், அம்மாவால் இனித் தனியாக இருக்க முடியாது என்பதாலும், ஈப்போ பக்கம் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு சுங்கை சிப்புட்டுக்கே வந்துவிட முடிவு செய்தான். வாடகை வீடு பார்ப்பது, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பது, லாரி பிடிப்பது ஆகிய மூன்றையும் நான் ஏற்றுக்கொண்டேன். வீடும் பள்ளியும் நல்லபடியாக அமைந்தன. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அப்பா சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கிய தேக்கு அலமாரி, தம்பி மனைவி இரவிக்கை தைத்துச் சம்பாதிக்கும் தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில்கள், பிள்ளைகளின் புத்தகங்கள், சாமி மேடை ஆகிய எல்லாவற்றையும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கு மூன்று டன் லாரி ஒன்று போதும் என்று எல்லாருமே சொன்னார்கள்.

அந்த லாரிச் சேவையின் முகவர் எங்கள் நம்பிக்கையை எப்படிப் பெற்றார் என்பதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அவர்களின் தொழிலே அங்கேதான் நடக்கிறது. நான் விசாரித்த மற்றவர்கள் எத்தனை மாடி, எத்தனை கட்டில், எப்போது பணம் என்று மட்டும் கேட்டார்கள். இவரோ தமிழில், மிகுந்த மரியாதையோடு, தம்பியைப் பற்றியும் அம்மாவின் உடல்நிலையைப் பற்றியும் கேட்டார். தாமும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்றும், தம் தந்தையும் பால்மரம் வெட்டியவர்தான் என்றும் சொன்னார். பிறகு, நான் எதுவும் கேட்பதற்கு முன்பாகவே, "அக்கா, சாமி மேடை இருக்கிறதா? சாமி படங்களையும் குத்துவிளக்கையும் பின்னால் மற்ற சாமான்களோடு போடமாட்டோம். துணியில் சுற்றி ஓட்டுநர் பக்கத்தில் வைத்துத்தான் கொண்டுவருவோம். இறக்கும்போதும் அதைத்தான் முதலில் வீட்டுக்குள் கொண்டுபோவோம்" என்றார். அம்மா பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இந்தப் பிள்ளையையே பேசி முடித்துவிடு என்று அம்மா சொன்னார். ஒரு முதியவளின் பக்தியைத் தெரிந்துகொண்டு அதையே முன்பணம் வாங்கும் கருவியாக்கிய அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேசிய தொகை 2,400 வெள்ளி. பாதியை முன்பணமாகவும், மறுபாதியைச் சாமான் இறங்கிய பிறகும் கொடுக்க வேண்டும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். கதவில் நிறுவனத்தின் பெயரும், வெற்று எடையும் சுமை எடையும் எழுதப்பட்ட ஒரு நல்ல லாரியின் படத்தை அனுப்பினார். பதிவு எண்ணோடும் முத்திரையோடும் ரசீதும் வந்தது. முன்பணம் 1,200 வெள்ளியைச் செலுத்த அவர் கொடுத்த வங்கிக் கணக்கு மட்டும் ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. அதற்கும், நிறுவனக் கணக்கில் பணம் ஏற நாளாகும் என்பதால் மனைவியின் கணக்கைத் தருவதாக விளக்கம் சொன்னார்.

சாமான் ஏற்றும் நாளில் குளுவாங்குக்கு வந்தது அந்த லாரி அல்ல. கதவில் பெயரும் இல்லை, எடையும் எழுதப்படவில்லை, மேலே போர்த்தியிருந்த கித்தான் கிழிந்திருந்தது. தம்பி உடனே எனக்கு அழைத்தான். நான் முகவரை அழைத்தபோது, அசல் லாரி பழுதுபார்க்கப் போயிருக்கிறது, இதுவும் எங்களுடையதுதான் என்றார். அன்று மாலைக்குள் வீட்டுச் சாவியை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் தம்பிக்கு வேறு வழி இல்லை. எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதான் ஓட்டுநர், டோலுக்கும் எண்ணெய்க்கும் பணம் இல்லை, மீதி 1,200 வெள்ளியையும் இப்போதே கொடுத்தால்தான் வண்டி நகரும் என்றார். முகவரும் அதையே சொன்னார். எழுத்தில் ஒப்புக்கொண்டது இதுவல்லவே என்று கேட்டதற்கு, அப்படியானால் சாமானை இங்கேயே இறக்கிவிடட்டுமா அக்கா என்று அமைதியாகக் கேட்டார். சாமான் லாரியில் ஏறிவிட்டால் பேரம் பேசும் உரிமையும் அதோடு ஏறிப் போய்விடுகிறது என்பதை அந்த மனிதர் நன்றாக அறிந்திருந்தார். தம்பி கடைசிச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

தம்பியின் குடும்பம் அன்றிரவே காரில் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் வரவேண்டிய லாரி வரவில்லை. ஆயர் ஹீத்தாமில் நெரிசல் என்றார் முகவர். மதியம், லாரி தாப்பாவைத் தாண்டும்போது டயர் வெடித்துவிட்டது, மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், இரவுக்குள் வந்துவிடும் என்றார். தாப்பா என்றால் ஈப்போவுக்கு அருகே வந்துவிட்டார்களே என்று நாங்களும் ஆறுதல் அடைந்து, சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மறுநாள் ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்றார். அதற்கடுத்து, சாமான்கள் நீலாயில் ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன, வேறு லாரிக்கு மாற்ற வேண்டும் என்றார். தாப்பா வரை வந்துவிட்ட லாரி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் நீலாய்க்கு ஏன் திரும்பிப் போனது என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதன்பின் வந்தது ஒரு பட்டியல். கிடங்கு வாடகை, மறு ஏற்றுக்கூலி, பேசியதைவிடச் சாமான் கூடுதலாக இருந்ததற்கான கட்டணம் என்று மொத்தம் 1,450 வெள்ளி கேட்டிருந்தார்கள். கட்டவில்லை என்றால் வாடகை நாளுக்கு நாள் ஏறும், குறிப்பிட்ட காலத்திற்குப் பிறகு சாமான்களுக்கு அவர்கள் பொறுப்பல்ல என்றும் அதில் இருந்தது. இதற்கிடையில் பிள்ளைகள் இருவரும் பாயில் படுத்து, அண்டை வீட்டார் கொடுத்த சீருடையை அணிந்து புதுப் பள்ளிக்குப் போய்வந்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய சீருடையும் காலணியும் புத்தகங்களும் லாரியில் இருந்தன. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த பெட்டியும் தவறுதலாக அதிலேயே ஏற்றப்பட்டிருந்தது. இதை முகவர் அறிந்துகொண்ட பிறகு அவருடைய குரலே மாறியது. அந்தப் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். 1,450 வெள்ளியை நான் என் சேமிப்பிலிருந்து அனுப்பினேன். 2,400 வெள்ளிக்குப் பேசிய வேலைக்கு இவ்வாறாக 3,850 வெள்ளி போனது.

சாமான் வந்தது நள்ளிரவில், மழை கொட்டும்போது, மூன்றாவதாக ஒரு லாரியில். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) நுழைவாயிலில் சாலையோரமாக இறக்கி வைத்துவிட்டு, வீடு வரை கொண்டுவருவது எங்கள் வேலை இல்லை என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்கள். தம்பியும் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நனைந்துகொண்டே தூக்கி வந்தோம். குளிர்சாதனப் பெட்டி நசுங்கியிருந்தது, இன்றுவரை குளிரூட்டவில்லை. அப்பாவின் அலமாரியில் இரண்டு கால்கள் உடைந்திருந்தன, கதவு கீலோடு பிய்ந்திருந்தது. சான்றிதழ்ப் பெட்டி நல்லவேளையாகக் கிடைத்தது. தையல் இயந்திரம் வரவே இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்ன சாமி படங்கள் துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியில், கண்ணாடி நொறுங்கி, பழைய செருப்புப் பைக்குப் பக்கத்தில் கிடந்தன. குத்துவிளக்கைக் காணவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் அவற்றை எடுத்து வைக்க முயன்றோம், முடியவில்லை.

மறுநாளிலிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் உடைந்தவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். காப்பீட்டுப் பிரிவு பார்க்கும் என்றார். பிறகு, லாரியும் ஓட்டுநரும் வேறு ஒருவருடையவர்கள், நாங்கள் ஆள் சேர்த்துவிடும் இடைத்தரகர் மட்டுமே என்றார். தையல் இயந்திரம் ஏற்றப்பட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். தம்பி மனைவி அதைப் போர்வையில் சுற்றித் தன் கையாலேயே லாரியில் ஏற்றிக் கொடுத்தவள். அவளே பேசியபோது, பெண்கள் எதையும் மறந்துவிடுவார்கள் என்று பதில் சொன்னாராம். கடைசியில் தமிழில் பேசுவதையே நிறுத்திவிட்டு, எங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்னும் ஒரே வாசகத்தை மலாயில் திரும்பத் திரும்ப அனுப்பினார். இப்போது எங்கள் எல்லாருடைய எண்களையும் முடக்கிவிட்டார். ஈப்போவில் இருக்கும் உறவினர் ஒருவர் புதிய வாடிக்கையாளரைப் போல அழைத்தபோது, முதல் மணியிலேயே எடுத்து, சாமி மேடை இருக்கிறதா என்று அதே கனிவோடு கேட்டாராம். அதைக் கேட்டபோது என் கை நடுங்கியது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சாமான் ஓரளவாவது வந்துசேர்ந்துவிட்டதால் இதில் ஒரு பகுதியை உரிமையியல் வழக்காகவே பார்க்க வேண்டியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். எனவே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறோம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுத்தால் போதும். சேவை வழங்குபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு இருக்கும் சிக்கல் எதிர்த்தரப்பின் முகவரிதான். ரசீதில் இருந்த முகவரிக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம், அது ஒரு முடிதிருத்தும் கடை. லாரிச் சேவையைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதும் நிலையில் நான் இப்போது இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூலிக்கு மற்றவர்களின் பொருளை ஏற்றும் லாரிக்கு ஏ உரிமம் இருக்க வேண்டும். சி உரிமம் சொந்தப் பொருளை ஏற்றுவதற்கு மட்டுமே. எந்த உரிமம் என்று முதலிலேயே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் பெயரில் கணக்கு இல்லை என்று சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். புகார் இல்லை என்று வந்தாலும், இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள், நல்லவர் என்பதல்ல. வந்த லாரி படத்தில் பார்த்த லாரி இல்லை என்றால் ஒரு நாற்காலியைக்கூட ஏற்றவிடாதீர்கள். ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் எண் பலகை தெரியும்படி காணொளி எடுத்து, ஓட்டுநரிடம் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழ்களும் சாமி படங்களும் உங்கள் காரில்தான் வரவேண்டும். ஏமாற்றுக்காரரின் கணக்கில் பணம் போட்டுவிட்டதாக அந்த நேரத்திலேயே தெரியவந்தால், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள், தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

குளுவாங், ஆயர் ஹீத்தாம், யோங் பெங் பக்கத்திலிருந்து வடக்கே வீடு மாறி வந்தவர்களில், தாப்பாவில் டயர் வெடித்ததாகவும் பிறகு நீலாய்க் கிடங்கில் சாமான் இருப்பதாகவும் கதை கேட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், உங்கள் ரசீதையும் பணம் அனுப்பிய கணக்கு எண்ணையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்தில் தயவுசெய்து புகார் கொடுங்கள். புகார்கள் பலவாகச் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கின் உரிமையாளரைத் தேடுவார்கள். எங்கள் 3,850 வெள்ளிக்கும் தையல் இயந்திரத்துக்குமான மனுவை நான் திங்கட்கிழமை ஈப்போவில் கொடுக்கப் போகிறேன்.