ஜிமெயிலின் கூட்டல் குறி

ஜிமெயிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பலரும் கவனிக்காத ஒரு வசதி. முகவரியில் அட் குறிக்கு முன்னால் கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் நம் பெட்டிக்கே வரும்.

தீபாவளிக்குப் புடவை எடுத்த கடையில் அப்படித்தான் கொடுத்தேன். பொங்கலுக்குள் அதே முகவரிக்கு வீட்டுமனை விளம்பரம், கடன் விளம்பரம்! யார் கைமாற்றினார்கள் என்று தனியாக விசாரிக்க வேண்டுமா என்ன? அதற்கு வருவதையெல்லாம் அழிக்கச் சொல்லி ஒரு ஃபில்டர் போட்டேன், தொல்லை விட்டது.

குறைகளும் உண்டு. ஃபில்டர் போடக் கணினிதான் வேண்டும், மொபைல் செயலியில் முடியாது. சில தளங்கள் கூட்டல் குறியையே ஏற்பதில்லை. அப்புறம், ஸ்பேம் எனும் குப்பை அஞ்சல் பெட்டியில் விழுந்தவை 30 நாளில் தானாக அழியும். அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.