125 சிசி என்று வாங்கினேன், வந்தது 107

தோட்டத்து மண்பாதையில் ஓட்டுவதற்காக இணையத்தில் மலிவான சீன டர்ட் பைக் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 62,000 ரூபாயும் லாரி வாடகை 4,500 ரூபாயும் கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. மேலே ஊற்றிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயைக் காட்டுமாடு அடிக்கடி மிதித்து உடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஏறி இறங்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 125 சிசி, நான்கு கியர், முழுமையாகப் பூட்டி ஓட்டிப் பார்த்து அனுப்புவோம், இன்ஜினுக்கு ஓராண்டு வாரண்டி. கடை வட மாநிலத்தில். வீடியோவில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மணல்மேட்டைத் தாண்டிப் பறந்தான். நானும் மயங்கினேன்.

வத்தலக்குண்டு லாரி அலுவலகத்தில் இறக்கியபோது அது பைக்காக இல்லை. இரும்புச் சட்டத்துக்குள் கட்டிய அட்டைப்பெட்டி. முன்சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, போல்ட்டுகள் ஒரு பாலித்தீன் பையில். பில்லில் 'விளையாட்டுச் சாமான்' என்று எழுதியிருந்தது. பைக் என்ற சொல்லே இல்லை. அங்கேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர். கிக்கரைத் தொடுவதற்கு முன்பே ஆயிலை இறக்கினார். சாம்பல் நிறத்தில் வந்த ஆயிலை வெயிலில் காட்டினால் சரிகைத்தூள் போல மின்னியது. "தம்பி, ஓடாத வண்டியிலேயே இவ்வளவு இரும்புத்தூள்" என்று விரலில் தேய்த்துக் காட்டினார். பிறகு ஸ்பேனரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முறுக்கிய கம்பி கணீரென்று பேசும். இதில் பாதிக்குமேல் டொக் டொக்கென்றது. ஒரு போல்ட்டை இறுக்கும்போது அதன் தலை வெண்ணெயாக வழுக்கி உருண்டைப்பட்டது.

அடுத்து, இன்ஜினில் எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். 1பி52எஃப்எம்எச் என்று தொடங்கியது. இந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு. முதல் 1 என்றால் ஒற்றை சிலிண்டர். 52 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றால் குளிர்வது, எம் என்றால் மோட்டார் சைக்கிள். கடைசி எழுத்துதான் கொள்ளளவு வகுப்பு: எச் என்றால் 110, ஐ என்றால் 125. என் வண்டியில் எச். விட்டம் 52.4, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5, கணக்குப் போட்டால் 106.7 சிசி. பெரிய வண்டிகளிலும் இதே கதைதான். 250 என்று விற்பதில் பலவற்றின் இன்ஜினில் 167எஃப்எம்எம் என்று பொறித்திருக்கும். அது 229 சிசி.

கடைக்குப் போன் செய்து கேட்டேன். வந்த பதிலை மறக்கவே முடியாது: "சார், 125 என்பது மாடலின் பெயர், சிசி இல்லை." விளம்பரத்தில் சிசி என்று போட்டிருந்ததை நான் படம் எடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

முதல் வாரத்திலேயே கிக்கரின் பல் தேய்ந்து வெறுமனே சுற்றியது. கார்புரேட்டரில் மிதவை சிக்கிப் பெட்ரோல் ஒழுகியது. இதெல்லாம் பட்டறையில் தீரும் வியாதிகள். தீராதது செயின். அதன் அளவு 420. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! சட்டப் புத்தகமே மாறி மோசடிக்கான 420-ஆம் பிரிவு போய்விட்டது, ஆனால் அந்த எண்ணின் குணம் மட்டும் போகவில்லை. ஸ்பிளெண்டருக்குப் போடுவது 428. கண்ணி நீளம் இரண்டிலும் ஒன்றுதான், அகலம் வேறு. எங்கள் பக்கத்துக் கடைகளில் 420 கிடைக்கவே இல்லை.

செயின் ஏன் கடகடக்கிறது என்று பார்க்க, அண்ணன் நேரான கம்பி ஒன்றைப் பின்பக்கப் பல்சக்கரத்தின் முகத்தில் ஒட்டி வைத்து முன்னால் நீட்டினார். முன் பல்சக்கரத்துக்கு அரை விரற்கடை தள்ளி நின்றது கம்பி. சக்கர அச்சில் இருக்க வேண்டிய புஷ் என்ற இடைக்குழாய் ஒரு பக்கம் குட்டையாக இருந்தது. வாஷர் வெட்டிப் போட்டுச் சரிசெய்தார். அதற்குள் செயினின் பக்கத்தகடுகள் தேய்ந்து பளபளத்துவிட்டன.

மூன்றாவது வாரம், ஊற்றிலிருந்து இறங்கும் சரிவில் செயின் அறுந்து முன் பல்சக்கரத்தில் சுருண்டுகொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, நான் மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் போய் மோதினேன். தோள்பட்டையில் சிராய்ப்புதான். மரம் இல்லையென்றால் கீழே ஓடை. சுருண்ட செயின் இன்ஜினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸை உடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டிருந்தது.

வாரண்டி கேட்டு வேறு எண்ணிலிருந்து பேசினேன். செயின் தேய்மானப் பொருளாம், அதனால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். வேண்டுமானால் இன்ஜினைக் கழற்றி என் செலவில் அவர்கள் கிடங்குக்கு அனுப்பலாமாம்.

சீனச் சரக்கு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பிஎம்டபிள்யூவின் சி 400 ஸ்கூட்டரே சோங்சிங் நகரத்து ஆலையில்தான் தயாராகிறது. நான் வாங்கியதில் செய்தவன் பெயரே இல்லை. விற்றவனுக்குப் பட்டறையும் இல்லை, உதிரிபாகமும் இல்லை. பணம் கட்டும் முன் இன்ஜின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிளட்ச் தட்டு ஒன்று தனியாக என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

"ஆர்சி (பதிவுச் சான்று) தேவையில்லை" என்றும் சொல்வார்கள். சொந்த நிலத்துக்குள் ஓட்டும்வரைதான் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. தோட்டத்தின் இரு பாதிகளுக்கு நடுவே பஞ்சாயத்துச் சாலை போனால் அதைக் குறுக்கே கடப்பதும் வம்புதான். விளம்பரத்தைப் பார்த்துச் சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், 18 வயதாகாதவர் சாலையில் வண்டியோட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன், பிறகு திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். விளம்பரப் படம், பில், இன்ஜின் எண், அண்ணன் எழுதிக் கொடுத்த பட்டறைச் சீட்டு எல்லாம் அதில் இருக்கின்றன.

வழக்கு முடியும்வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். வண்டி காபிக் களத்தோரம் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. நேற்று மறுபடியும் குழாய் உடைந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் என்னை ஏற்றிக்கொண்டு போய் ஊற்றடியில் இறக்கிவிட்டார்.