சென்னை–டொராண்டோ 15 மணி நேரமாம்!

போன மே மாதம் அம்மாவை டொராண்டோவுக்கு அனுப்பினோம். தங்கைக்குப் பிரசவ நேரம். டிக்கெட் போட்டது மேற்கு மாம்பலத்தில் ஒரு டிராவல்ஸ்; பெயர் வேண்டாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். தூரம் 13,400 கிலோமீட்டர், பயண நேரம் 15 மணி. டிக்கெட்டிலும் சனிக்கிழமை மாலை 4:00-க்குக் கிளம்பி ஞாயிறு காலை 8:30-க்குப் போய்ச் சேருவதாக இருந்தது. பதினாறரை மணி. நடுவில் டெல்லியில் மாற வேண்டுமே, சரியாகத்தான் இருக்கிறது என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

சென்னை ஏர்போர்ட்டிலேயே முதல் அடி. அவர் போட்டது ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு. டெல்லி வரைக்கும் தனி பிஎன்ஆர் (புக்கிங் எண்), அங்கிருந்து வேறு கம்பெனியில் வேறு பிஎன்ஆர். வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோவாக இரண்டு பெட்டி. உள்நாட்டு டிக்கெட்டில் மொத்தமே 15 கிலோ. மீதி 31 கிலோவுக்கு, கிலோவுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் என்று தீட்டிவிட்டார்கள். பெட்டியும் டெல்லி வரைதான் போகும். அம்மா இறங்கியது டெர்மினல் 1, அடுத்த விமானம் டெர்மினல் 3. பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு 66 வயது, இந்தி தெரியாது. வீல்சேர் சொல்லியிருந்ததும் இரண்டாவது டிக்கெட்டில் மட்டும்தான்.

அன்று ராத்திரி தங்கை போன் செய்தாள். "அண்ணா, இங்க காலை 8:30-ன்னா உங்களுக்கு சாயங்காலம் ஆறு மணி. அம்மா கைல எத்தனை வேளை மாத்திரை இருக்கு?" அப்போதுதான் உறைத்தது. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். மே மாதத்தில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. பதினாறரையோடு ஒன்பதரை, ஆக 26 மணி நேரம்! கம்ப்யூட்டரில் அவர் காட்டியது, இரண்டு ஊருக்கும் நடுவே வானத்தில் கோடு போட்டு, மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்த கணக்கு. அப்படி நேராகப் போகும் விமானம் சென்னையிலிருந்து கிடையவே கிடையாது. டெல்லியிலிருந்து போகவே 15 மணி நேரம்.

அம்மாவின் கைப்பையில் இருந்தது ராத்திரி போடும் சர்க்கரை மாத்திரை மட்டும். மற்றதெல்லாம் பெட்டிக்குள். டெர்மினல் 3-இல் தரையில் உட்கார்ந்து, நான் இறுக்கிக் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாராம். வத்தல், ஊறுகாய் எல்லாம் வெளியே எடுத்து வைத்து, அடியில் கிடந்த மாத்திரை டப்பாவைத் தேடியிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு பஞ்சாபிப் பெண்தான் பெட்டியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தாராம்.

அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்டேன். "நான் பொய் சொல்லலையே சார், நேரா போனா 15 மணிதான்" என்றார். எங்கே சார் நேராகப் போகிறது என்றால் சிரிக்கிறார். லக்கேஜுக்குக் கட்டிய பணம் "ஏர்லைன்ஸ் விஷயம்" ஆகிவிட்டது.

டிக்கெட் போடும் முன் மொத்தப் பயண நேரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே பிஎன்ஆரா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்றும் கேளுங்கள். அம்மாவின் ரிட்டர்ன் டிக்கெட்டை நானே போட்டுவிட்டேன்: துபாய் வழி, ஒரே பிஎன்ஆர், பெட்டி சென்னையில்தான் கைக்கு வரும். சொன்னதும் அம்மா, "சரிடா, எதுக்கும் மாத்திரையைக் கைப்பையிலயே வெச்சுக்கறேன்" என்றார்.