எம்-சாட் படிவம்: இருபது கேள்விகளும், பலர் தாண்டிப்போகும் இரண்டாம் பாகமும்

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்புண்டா என்று சலித்துப் பார்க்க, குழந்தைநல மருத்துவர்கள் அதிகம் கையில் எடுப்பது எம்-சாட்-ஆர்/எஃப் படிவத்தைத்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோர் நிரப்ப வேண்டிய இருபது கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை. சில நிமிட வேலை. இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே கவனமில்லாமல் நிரப்பப்படுகிறது, அதைவிடக் கவனமில்லாமல் கூட்டப்படுகிறது.

முதலில் கூட்டல். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் ஒரு புள்ளி. காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டதுண்டா, கண்ணருகே விரல்களை விநோதமாக அசைக்கிறதா, அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்குகிறதா என்பவை அவை. மீதிப் பதினேழுக்கும் 'இல்லை' என்றால்தான் புள்ளி. இதைக் கவனிக்காமல் எல்லா 'இல்லை'யையும் எண்ணினால், எந்தச் சிக்கலும் இல்லாத குழந்தை 3 புள்ளியோடு நடுத்தர வகைக்குள் வந்து விழும். மூன்றுக்கும் 'ஆம்' வாங்கிய குழந்தையோ 3 புள்ளி குறைந்து தப்பிப்போகும். 0 முதல் 2 வரை குறைந்த வாய்ப்பு. குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை என்றால், நிறைந்தபின் மறுபடி நிரப்ப வேண்டும். 3 முதல் 7 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நடுத்தரம் வந்தவர்களுக்குத்தான் இரண்டாம் பாகமான தொடர் நேர்காணல். பெயரின் கடைசியில் இருக்கும் 'எஃப்' அதுதான். புள்ளி விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்து, உதாரணம் கேட்டுக் கேட்டு உறுதி செய்வார்கள். அதற்குப் பின்னும் 2 புள்ளியோ அதற்கு மேலோ நின்றால் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நேரமில்லை என்று இதை விட்டுவிடுவது பரவலான பழக்கம். விட்டால் இது பாதிக் கருவிதான். 2014இல் வெளிவந்த ஆய்வில் 16,071 குழந்தைகளைச் சலித்தபோது, இரண்டு பாகத்தையும் தாண்டி அனுப்பப்பட்டு மதிப்பிடப்பட்டவர்களில் 47.5 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் உறுதியானது, 94.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. அதாவது, 'ஆட்டிசம் இல்லை' என்று முடிவானாலும் அந்த அலைச்சல் வீண் அல்ல.

குறையும் இங்கேயே இருக்கிறது. நேர்காணல் புள்ளி விழுந்ததை மட்டுமே மறுபடி கேட்கிறது. தவறாக 'ஆம்' போட்டதைத் தொடுவதே இல்லை. 6ஆம் கேள்வி, வேண்டியதைக் கேட்க ஒரு விரலால் சுட்டுகிறதா என்பது. 7ஆம் கேள்வி, சுவாரசியமான ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காகச் சுட்டுகிறதா என்பது. அலமாரியில் இருக்கும் பந்தை எடுத்துத் தரச் சொல்லிச் சுட்டும் குழந்தைக்கு 6 சரி. வானில் போகும் விமானத்தைச் சுட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால்தான் 7. பெற்றோர் பலர் இரண்டுக்கும் சேர்த்தே 'ஆம்' போட்டுவிடுகிறார்கள். எப்போதாவது ஓரிருமுறை செய்ததற்கும் 'ஆம்' போடுகிறார்கள். வழக்கமாகச் செய்யாததற்கு 'இல்லை' என்றே படிவம் கேட்கிறது. சுமார் 26,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களில் 38.8 சதவீதத்தினரைத்தான் இந்தச் சலித்தெடுப்பு முன்பே பிடித்திருந்தது. ஆகவே புள்ளி குறைவு என்று சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், உங்கள் கவலை தீரவில்லை என்றால், மதிப்பீடு கேளுங்கள். புள்ளி எவ்வளவாக இருந்தாலும் கவலை இருந்தால் அனுப்பலாம் என்பது படிவத்தின் சொந்த விதி.

காது பரிசோதனையைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும். பேச்சுப் பயிற்சியை, உறுதிச் சான்றிதழ் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

மழலையர் பள்ளிக்கு இந்தப் படிவத்தின் மொத்தப் புள்ளியால் ஒரு பயனும் இல்லை. '9 புள்ளி' என்று ஆசிரியரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? எந்தெந்தக் கேள்வியில் புள்ளி விழுந்தது என்பதுதான் வகுப்புக்கு வேண்டியது. 1 (நீங்கள் சுட்டுவதைப் பார்ப்பது), 16 (நீங்கள் திரும்பிப் பார்க்கும் பக்கம் தானும் பார்ப்பது) விழுந்திருந்தால், ஆசிரியர் பலகையைக் கைகாட்டி 'அங்கே பார்' என்பது எடுபடாது. பொருளைக் குழந்தையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். 10 (பெயர் சொன்னால் திரும்புவது) என்றால், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி, எதிரில் வந்து குனிந்து சொல்ல வேண்டும். 12 என்றால், எந்தச் சத்தம் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். மணி அடிக்கும் முன் சொல்லிவைப்பது, அந்த நேரத்துக்கு மட்டும் காதுமூடி கொடுப்பது போதும். நாள் முழுக்க மாட்டிவிட்டால் பேச்சும் சேர்ந்தே அடைபடும்.

18, அதாவது சொன்னதைப் புரிந்துகொள்வதில் விழுந்த புள்ளி, படக் கால அட்டவணையைக் கேட்கிறது. இங்கேதான் பள்ளிகள் அதிகம் சொதப்புகின்றன. நாள் முழுவதற்குமான பன்னிரண்டு படங்களை அழகாகச் சுவரில் ஒட்டிவைப்பார்கள், யாரும் தொடமாட்டார்கள். 'முதலில் – பிறகு' என்று இரண்டே படத்தில் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் குழந்தையே படத்தைப் பிய்த்து 'முடிந்தது' உறையில் போட வேண்டும். அதற்காகவே படத்தின் பின்னால் வெல்க்ரோ. இரண்டு பழகியபின் மூன்று, நான்கு. படம் புரியாவிட்டால் பொருளையே கொடுக்கலாம்: வெளியே விளையாடப் போவதற்குப் பந்து, சாப்பாட்டுக்குத் தட்டு.

30 மாதம் தாண்டிய குழந்தைக்கு இதை நிரப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், முடிவுக்கு அர்த்தம் இருக்காது. நான்கு வயதுக்கு மேல் எஸ்.சி.க்யூ. என்ற நாற்பது கேள்விப் படிவம் உண்டு, அதுவும் சலிக்கத்தான். நோயறிதலுக்கு, வளர்ச்சி வரலாறும் ஏடாஸ்-2 போன்ற நேரடிக் கவனிப்பும் சேர வேண்டும்.

இரண்டு பாகமும் செய்யப்பட்டால் எம்-சாட் படிவத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். முதல் பாகம் மட்டும் என்றால் இரண்டு. கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது புள்ளி எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். இருபது பதில்களும் நேர்காணல் குறிப்புகளும் உள்ள முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.